உலகம்மாள் சொன்ன மூன்று சத்தங்கள்

நீங்களும் சிரித்தீர்கள், தம்பி. நான் பார்த்தேன். குற்றமாகச் சொல்லவில்லை. ஓடுகிற பேருந்தில் வயதான ஒருவன் கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் போய், ஓட்டுநரிடம், "ஐயா, சேலம் வரைக்கும் ஹாரன் அடிக்காமல் ஓட்ட இயலுமா?" என்று கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். "ஹாரன் அடிக்காம சேலம் போவணும்னா நடந்துதான் போவணும் பெருசு" என்று அவர் சொன்னாரே, அதிலும் பிழையில்லை. திண்டுக்கல் சாலையில் லாரிகள் வருகிற வரத்தைப் பார்த்தால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. நான் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. அதை அவர் கேட்டுக்கொள்ளவில்லை. அவ்வளவுதான்.

முன்னால் ஓட்டுநருக்குப் பின்பக்கம் பெண்கள் இருக்கையில், அரக்கு நிறப் புடவை, சின்னக் கொண்டை, தெரிகிறதா? அவள்தான் உலகம்மாள். என் மனைவி. எங்களுக்குள் சண்டை, அதனால் தனித்தனியாக உட்கார்ந்திருக்கிறோம் என்று சொன்னால் அது சரியல்ல. இங்கே இரண்டு பேர் உட்காரும்படி இடம் இருந்தது. அவள்தான், "நீங்க இங்கனயே இருங்க, நான் முன்னால போறேன்" என்று போய்விட்டாள். என் கைப்பேசியையும் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கல்யாணமாகி இத்தனை ஆண்டில் அவள் என் கையிலிருந்து ஒரு பொருளைக் கேட்காமல் எடுத்தது இன்றைக்குத்தான்.

"என்று சொன்னால் அது சரியல்ல" என்று நான் பேசுவது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். நான் முன்சீப் கோர்ட்டில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவன். பெயர் சிவசைலம். ஊர் தென்காசிப் பக்கம். சாட்சிக் கூண்டில் ஏறுகிறவன் நாலு திசையிலும் பேசுவான். ஆடு மேய்ந்ததைக் கேட்டால் மாமியார் செத்ததைச் சொல்லுவான். நீதிபதி அதைச் சுருக்கி ஒரு வரியாக வாயால் சொல்வார், நான் தட்டுவேன். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டதைச் சாட்சி மறுத்தால், "நான் அன்று சம்பவ இடத்தில் இல்லை என்று சொன்னால் அது சரியல்ல" என்று பதிவாகும். போகப் போக நீதிபதி சுருக்குவதற்கு முன்பே என் விரல் சுருக்கிவிடும். "சிவசைலம், எனக்கும் கொஞ்சம் வேலை வையும்" என்று ஒரு நீதிபதி சிரித்தே சொன்னார். எதை வைக்கலாம், எதைத் தள்ளலாம் என்பது ஒரு தேர்ச்சி, தம்பி. எல்லாருக்கும் வராது.

இதோ, ஹாரன் அடித்துவிட்டார். பொறுங்கள்.

ஒன்றுமில்லை. கொண்டை அசைகிறது. ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கிறாள்.

அவளுக்கு இதயத் துடிப்பில் கோளாறு. அடைப்பு இல்லை, ஓட்டை இல்லை. இதயம் நல்ல இதயம்தான். துடிப்புக்குத் துடிப்பு அதில் ஓடுகிற மின்சாரம் அடங்கித் திரும்ப வேண்டிய நேரம் கொஞ்சம் நீளம். அந்த நேரத்தில் திடுக்கென்று ஏதாவது ஆனால் தாளம் கெட்டுவிடும். ஆள் அப்படியே விழுந்துவிடுவாள். பெரும்பாலும் தானே சரியாகி எழுந்துவிடுவாள். எழாமலும் போகலாம். பிறவியிலேயே வருவது. இதெல்லாம் இப்போது தெரிந்தது. முன்பெல்லாம் எங்களுக்கு அது வலிப்பு.

நான்தான் வலிப்பு என்று சொன்னேன் என்றால் அது சரியல்ல. நான் பார்த்ததைச் சொன்னேன். மகள் பிறந்து சில மாதம் இருக்கும். அடுக்களையில் நின்றவள் மரம் சாய்ந்த மாதிரி சாய்ந்தாள். கண் மேலே செருகியது, கையும் காலும் வெட்டின. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அவர் அவளைத்தான் கேட்டார். அவள் தொடங்கினாள்: "குக்கரு வச்சிருந்தேன்ங்க. பயறு. அன்னைக்குன்னு பாத்து இவுக தம்பி வந்திருந்தாவ…" டாக்டருக்கு வெளியே கூட்டம் நிற்கிறது. நான் குறுக்கிட்டு, "சமையலறையில் நின்றுகொண்டிருந்தபோது நினைவிழந்து விழுந்தாள், கை கால் வெட்டின, சிறிது நேரத்தில் நினைவு திரும்பியது" என்று முடித்தேன். டாக்டர் என்னைப் பார்த்து, "நீங்கள் சொல்வது தெளிவாக இருக்கிறது" என்றார். அந்தத் தெளிவுக்கு அவர் மாத்திரை எழுதினார். அன்று முதல் எந்த டாக்டரிடம் போனாலும் நான்தான் சொல்வது. அவளும் சொல்வாள். சொல்லும்போதெல்லாம் மாற்றிச் சொல்வாள். ஒருமுறை, குக்கர் விசில் அடித்தது, விழுந்தேன் என்பாள். இன்னொரு முறை, கோயில் கொடையில் வேட்டுப் போட்டார்கள், விழுந்தேன் என்பாள். வேறொரு முறை பக்கத்து வீட்டு டெலிபோன் என்பாள். முன்னுக்குப் பின் முரண். ஒரே சம்பவத்துக்கு ஒரு சாட்சி மூன்று காரணம் சொன்னால் எந்தக் கோர்ட் ஏற்கும்? நான் மூன்றையும் தள்ளிவிட்டேன். மூன்றிலும் பொதுவாக நின்றது விழுந்தது ஒன்றுதான். அதை மட்டும் வைத்துக்கொண்டேன்.

வலிப்பு மாத்திரை தூங்க வைக்கும், தெரியுமோ? இருபது வயதுக்காரி ஐம்பது வயதுக்காரி மாதிரி நடந்தாள். நான் ஏதாவது பேசிக்கொண்டிருப்பேன், நடுவில் கண்ணை மூடிவிடுவாள். எனக்குக் கோபம் வரும். அப்படியே காலம் போயிற்று.

போன வருஷம் கண்ணில் புரை. அறுவைக்கு முன்னால் எல்லாருக்கும் எடுப்பது போல அவளுக்கும் ஈசிஜி எடுத்தார்கள். அதைப் பார்த்த இளம் டாக்டர் ஒருவர், "இவங்களுக்கு வலிப்புன்னு யார் சொன்னது?" என்று கேட்டு, மதுரைக்கு அனுப்பினார். மதுரையில் பார்த்தவர் பழைய மாத்திரையை நிறுத்திப் புது மாத்திரை கொடுத்தார். அவள் திரைக்குப் பின்னால் புடவையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது என்னைத் தனியாக அழைத்து, "பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள்" என்றார்.

ஒரே மகள். மீனலோசனி. எங்களுக்கு லோசனி. கட்டிக்கொடுத்து ஓசூரில் இருக்கிறாள். அப்போது அவள் பிள்ளையாண்டிருந்தாள். அந்த நேரத்தில் போய், உனக்கும் உன் அம்மாவுக்கு இருப்பது இருக்கலாம் என்று எப்படிச் சொல்வது? சமயம் பார்த்துச் சொல்லலாம் என்று வைத்தேன். உலகம்மாளிடமும் சொல்லவில்லை. சொன்னால் அழுது மகளுக்கே அழைத்துவிடுவாள். பிறகு பிரசவமாயிற்று. பச்சை உடம்பு. இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று வைத்தேன். மறைத்தேன் என்று சொன்னால் அது சரியல்ல, தம்பி. வைத்திருந்தேன். கோர்ட்டில் ஒரு வழக்கை வாய்தா போடுவதில்லையா?

தண்ணீர் இருக்கிறதா உங்களிடம்? எங்கள் பை அவளிடம் இருக்கிறது. நன்றி.

மதுரையில் பார்க்கிற டாக்டர்தான் இன்றைக்கு ஒரு கூட்டத்துக்கு வரச் சொன்னார். துடிப்புக் கோளாறு உள்ளவர்களும் குடும்பத்தாரும் கூடுகிற கூட்டம். மதுரையில் ஒரு கல்யாண மண்டபம். மணமேடையில் மணமக்கள் உட்காரும் இடத்தில் மூன்று டாக்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் ஒரு பெண் பெயர் பதிந்துகொண்டிருந்தது. நோயாளிக்குச் சிவப்புக் கயிற்றில் அட்டை, துணைக்கு வந்தவருக்கு நீலம். அது கேட்ட எல்லாக் கேள்விக்கும் நான் தெளிவாகப் பதில் சொன்னேன். என்ன நோய், எத்தனை ஆண்டாக, என்ன மாத்திரை, எல்லாம். அது சிவப்புக் கயிற்றை என் கழுத்தில் போட்டுவிட்டது! உலகம்மாள் நீலத்தைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான்தான் ஓடிப்போய் மாற்றினேன்.

அந்த மண்டபத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கைதட்டக் கூடாது. சத்தம் சிலருக்கு ஆகாது என்பதால், பிடித்திருந்தால் இரண்டு கையையும் உயர்த்தி விரல்களை ஆட்ட வேண்டும். கைப்பேசிகள் வாயடைத்திருக்க வேண்டும். இன்னொரு வழக்கமும் இருந்தது. அதுதான் எனக்குச் சரிப்படவில்லை. ஒலிவாங்கியில் சிவப்புக் கயிறு போட்டவர்கள் மட்டும்தான் பேசலாம். துணைக்கு வந்தவர்கள் கேட்டுக்கொள்ளலாம்.

முதலில் சிவப்புக் கயிறு போட்ட ஒரு பஸ் கண்டக்டர் பேசினார். நெஞ்சுக்குள் கருவி வைத்திருக்கிறார்கள். தாளம் கெட்டால் அது உள்ளேயே அடி கொடுக்குமாம். "எனக்குள்ள ஒரு மின்வாரியமே ஓடுது. ஒரே ஆறுதல், ரீடிங் எடுக்க ஆள் வரமாட்டான்" என்றார். மண்டபமே சிரித்தது. பிறகு, "பஸ்ல டிக்கெட் கிழிக்கும்போது ஒருக்கா அடிச்சிச்சு. சில்லறையோட விழுந்தேன். குடிச்சிருக்கான்னுட்டாங்க" என்றார். யாரும் சிரிக்கவில்லை. கைகள் உயர்ந்து ஆடின.

அடுத்து உலகம்மாளைக் கூப்பிட்டார்கள். நானும் எழுந்தேன். மேடையிலிருந்த டாக்டரம்மா, "ஐயா நீங்க உக்காருங்க, அம்மா சொல்லட்டும்" என்றார். "அவளுக்குக் கோவையாகச் சொல்ல வராது, டாக்டர்" என்றேன். "கோவையா வேண்டாம். வந்தபடி சொல்லட்டும்" என்றார்.

நான் நாற்பது ஆண்டு கேட்ட சாட்சிகளில் அவளைப் போல மோசமாகத் தொடங்கியவர்கள் இல்லை. "பயறு வச்சிருந்தேன்ங்க" என்றாள். அதே பயறு. கொழுந்தனார் வந்தது, அவருக்குப் பயறு பிடிக்கும் என்பது, குக்கருக்கு ரப்பர் போயிருந்தது, எல்லாம் சொன்னாள். டாக்டரம்மா தாடையில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு இடத்திலும் வெட்டவில்லை. "விசில் அடிக்காதுன்னே நெனச்சிட்டு நின்னேன். திடீர்னு காதுகிட்ட வீல்னு அடிச்சிட்டு. சத்தம் முதல்ல. அப்புறம் நெஞ்சுக்குள்ள, கரையில தூக்கிப் போட்ட மீனு துள்ளும் பாத்தியளா, அப்படித் துள்ளிச்சு. அப்புறம் இருட்டு."

"வேற எப்பயாச்சும் இப்படி ஆச்சாம்மா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"கொடைக்கு வேட்டுப் போட்டாவ. அப்பவும் அப்படித்தான், சத்தம், மீனு, இருட்டு. எங்க அக்கா மடியில விழுந்தேன். இவுக அன்னைக்கு ஊர்ல இல்ல. பக்கத்து வீட்ல டெலிபோன் அடிச்சப்ப ஒருக்கா. அன்னைக்கும் இவுக கோர்ட்டுக்குப் போயிட்டாவ."

நான் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்தே சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. "டாக்டர், சம்பவம் ஒன்று. இவள் அதற்கு மூன்று விதமாகக் காரணம் சொல்கிறாள்."

டாக்டரம்மா என்னைப் பார்த்துக் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் பரவாயில்லை. "இல்லைங்கய்யா. சம்பவம் மூணு. காரணம் ஒண்ணு" என்றார்.

மூன்றும் மெய், மூன்றும் வேறு வேறு நாள் என்றால் ஒரு மனுஷி அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டாமா, தம்பி? "இது வேறு தடவை" என்று முதலிலேயே ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் நான் தள்ளியிருப்பேனா? சொன்னேன் என்கிறாள். வெளியே வந்து அவளைக் கேட்டேன். "எத்தன தரம் சொல்லியிருப்பேன்? நீங்கதான், சும்மா இரு, நான் சொல்லுதேன்னியள்" என்கிறாள்.

அவள் பேசி முடித்ததும் மண்டபம் முழுக்கக் கைகள் உயர்ந்தன. இத்தனை பேரும் அவளைக் குறுக்கு விசாரணை செய்யக் கை தூக்குகிறார்கள் என்று நினைத்துவிட்டேன். பிறகுதான் விரல்கள் ஆடுவதைப் பார்த்தேன்.

அங்கேயே அவள் இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. ஒலிவாங்கியை விடாமல் பிடித்துக்கொண்டு, "எம் மகளுக்கும் இது உண்டு டாக்டரம்மா" என்றாள்.

மகளுக்கு இருக்கலாம் என்று இவளுக்கு யார் சொன்னது? நான் சொல்லவில்லையே! யாரும் சொல்லவில்லை, தம்பி. அவளே பார்த்து வைத்திருக்கிறாள். "பள்ளிக்கூடத்துல மணி அடிக்கும்போது விழுந்தா. வெயில்ல சாப்பிடாம நின்னான்னு சொல்லிட்டாவ. இப்பம் பிள்ள பெத்து ரெண்டு மாசம் ஆவுது. போன வாரம் கேஸ் சிலிண்டர்காரன் வந்து காலிங் பெல்ல அடிச்சிருக்கான், எந்திரிக்கப் போனவ அப்படியே சரிஞ்சிட்டா. மருமகன் சொன்னாரு. ரத்தம் பத்தாதுன்னு இவுக சொல்லிட்டாவ." இவுக என்றால் நான்தான்.

டாக்டரம்மா எழுந்து நின்றுவிட்டார். "ஈசிஜி எடுத்தீங்களா?" என்றார். "எடுக்கணும்னு எங்களுக்கு யாரும் சொல்லலியே" என்றாள் உலகம்மாள். சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கீழே பார்த்தேன். சிவப்பும் நீலமுமாகத் தரையில் ஒரு கோலம் வரைந்திருந்தார்கள். அதைப் பார்த்தேன்.

"பயப்படாதீங்க. மருந்து இருக்கு, அடக்கிடலாம். ஆனா பிள்ளை பெத்த மாசங்கள்ல இந்த வகைக்காரங்களுக்குக் கவனம் கூடுதலா வேணும். இன்னைக்கே பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் ஈசிஜி எடுக்கச் சொல்லுங்க. தலைமாட்டுல அலாரம், சத்தமா அடிக்கிற போன் எதுவும் வேண்டாம்" என்றார் டாக்டரம்மா.

"போன் அடிச்சுத்தான சொல்லணும்?" என்று கேட்டாள் உலகம்மாள்.

டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தார். "அடிக்காம சொல்ல வழி இருந்தா நல்லது. தூங்குற நேரமா இருந்தா முக்கியமா."

லோசனி பகலில் தூங்குவாள். பிள்ளை இரவெல்லாம் விழித்திருக்கும். கைப்பேசி தலையணைக்குப் பக்கத்தில் இருக்கும். அதில் நான் அழைத்தால் மணி உச்சத்தில் அடிக்கும். அவளுக்கு அது வழக்கமில்லை. முன்பெல்லாம் எப்போதும் வாயடைத்தே வைத்திருப்பாள். நான் அழைத்தால் எடுக்கமாட்டாள். வளைகாப்புக்குப் போனபோது நானே அதை வாங்கி ஒலியைக் கூட்டி வைத்து, "இதைக் குறைக்கக் கூடாது, அப்பா மேல் ஆணை" என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து அவள் குறைக்கவில்லை. சொன்ன சொல் கேட்கிற பிள்ளை. தினமும் விடிந்ததும் நான்தான் அழைத்து எழுப்புவேன். இன்று காலையும் எழுப்பினேன். "யப்பா, நெஞ்சு படபடங்கு" என்றாள். தண்ணீர் குடி என்றேன். நான் தினமும் அவளை… அப்படிச் சொன்னால் அது சரியல்ல. அது சரியல்ல, தம்பி.

இவர் ஏன் இப்படி விடாமல் அடிக்கிறார்? முன்னால் ஒரு மாட்டு வண்டிகூட இல்லையே.

அசைகிறாள். மாத்திரை போட்டிருக்கிறாள், ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இருந்தாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

சேலம் போய் அங்கிருந்து ஓசூருக்கு வண்டி மாறலாம் என்று, சாப்பிடாமல் கிளம்பி ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு வந்தோம். மாப்பிள்ளை பாலவேசத்துக்குச் செய்தி அனுப்பினேன். ஒற்றை டிக்தான் விழுந்தது. அவர் வேலை பார்க்கிற இடத்தில் கைப்பேசியை வாசலிலேயே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சாயங்காலம்தான் வெளியே வருவார். தொழிற்சாலை எண் எங்களிடம் இல்லை. லோசனிக்குச் செய்தி அனுப்பலாம் என்றால் அதற்கும் மணி அடிக்கும். அதையும் நான்தான் கூட்டி வைத்தேன்.

அப்போதுதான் எனக்கு லோசனி குடியிருக்கிற வீட்டின் வீட்டுக்காரம்மா நினைவு வந்தது. ரத்னம்மா. கீழ்த்தளத்தில் இருக்கிறார். தெலுங்குக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார். அழைத்தேன்.

"அம்மா, மேலே லோசனியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்."

"அதுக்கென்னாங்க, இப்பவே போயி பெல் அடிச்சி…"

"பெல் அடிக்காதீர்கள்!"

பேருந்து நிலையமே திரும்பிப் பார்த்தது. பூக்காரி ஒருத்தி தொடுத்துக்கொண்டிருந்த சரத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

"சரிங்க, கதவ தட்றேன்."

"தட்டவும் கூடாது."

"அப்போ நான் எப்பிடிங்க உள்ள போறது? ஜன்னல் ஏறியா?"

அவருக்கு விவரம் புரிய வேண்டும் அல்லவா? அதனால் முதலிலிருந்து தொடங்கினேன். உலகம்மாளுக்கு முதலில் எப்போது வந்தது, என்ன என்று நினைத்தோம், பிறகு என்னவென்று தெரிந்தது, முறையாக, வரிசையாக. சொல்லிச் சொல்லிப் புரை அறுவை வரைக்கும் வந்தபோது, "சார், எனக்கு அடுப்புல பால் இருக்கு. நான் பாத்துக்கிறேன்" என்று வைத்துவிட்டார். எதைப் பார்த்துக்கொள்வார்? பாலையா, என் மகளையா? பெல் அடிப்பாரா, மாட்டாரா? திரும்ப அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தேன். எடுக்கவில்லை.

அப்போதுதான் உலகம்மாள் என் கையிலிருந்து கைப்பேசியை எடுத்தாள். பிடுங்கினாள் என்று சொன்னால் அது சரியல்ல. எடுத்தாள். "கதவுகிட்டப் போயி மெதுவா பேரச் சொல்லிக் கூப்பிடுங்கன்னு ஒரு வார்த்த. அத விட்டுட்டு எதுக்கு எங்கதைய எல்லாம் அவகிட்டச் சொன்னிய?" என்றாள். அதட்டவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னதைப் பற்றிக் கேட்கவேயில்லை. அவள் கேட்டால் பதில் வைத்திருக்கிறேன். பச்சை உடம்பு, பயப்படுத்தக் கூடாது, சமயம் பார்த்து, எல்லாம் தயாராக வைத்திருக்கிறேன். அவள் கேட்கவில்லை. கேட்காதவளுக்கு எப்படிப் பதில் சொல்வது?

கைப்பேசியை அதிர்வில் மட்டும் வைத்து, முந்தானையில் சுற்றிக் கைக்குள் வைத்திருக்கிறாள். வழியெல்லாம் அந்த ரத்னம்மாவை அழைத்துக்கொண்டேதான் வருகிறாள். தோள் குனிந்து குனிந்து நிமிர்கிறதே, அதுதான். எடுக்கவில்லை என்று தெரிகிறது. நான் என்ன செய்ய முடியும்? ஓசூர் போய்ச் சேர இரவாகிவிடும். அதற்குள் ஒரு சிலிண்டர்காரன் வரலாம். கூரியர்காரன் வரலாம். யாராவது கடன் அட்டை வேண்டுமா என்று அழைக்கலாம். ஊரில் மணி அடிக்கிறவர்கள் எத்தனை பேர், தம்பி! நான் இதுவரை கவனித்ததேயில்லை. ஓட்டுநர் ஒருவரைத்தான் என்னால் போய்க் கேட்க முடிந்தது. அவரும் முடியாது என்றுவிட்டார்.

பாருங்கள். பாருங்கள், நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

காதில் வைக்கிறாள். அவள் அழைத்தாளா, அங்கிருந்து வந்ததா? இங்கிருந்து தெரியவில்லை. வாய் அசைகிறது. "சொல்லுட்டி." ஆமாம், "சொல்லுட்டி" என்றுதான் சொன்னாள். அந்த "ட்டி" அவளுக்கு உலகத்தில் ஒருத்திக்குத்தான். லோசனிதான். லோசனி பேசுகிறாள். என் பிள்ளை பேசுகிறாள்.

எழுந்திருக்கவா? ஏன் கையைக் காட்டுகிறாள்? வர வேண்டாம் என்கிறாளா? வா என்கிறாளா? உள்ளங்கை இந்தப் பக்கம் இருந்தால் வர வேண்டாம் என்றுதானே பொருள்? சரி, உட்காருகிறேன். உட்கார்ந்துவிட்டேன், கண்டக்டர், நீங்கள் போங்கள்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை, கவனித்தீர்களா? எப்போது, எங்கே என்று ஒன்றும் கேட்கவில்லை. வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கிறாள். அந்தப் பிள்ளையும் அம்மாவைப் போலத்தான், பயற்றிலிருந்து தொடங்கும். சுருக்கிக் கேட்டால் அரை நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிடும். இப்படிக் கேட்டால் கரூர் வந்துவிடும். உங்கள் ஊர் வந்துவிடும்.

பின்னால் இருக்கிற அம்மாவிடம் ஏதோ சொல்கிறாள். எனக்குச் சொல்லி அனுப்புகிறாள் போலிருக்கிறது. அந்த அம்மா எழுந்து வருகிறார். வாருங்கள் அம்மா, சொல்லுங்கள்.

மகள் நன்றாகத்தான் பேசினாளா? சிரித்தாளா? நல்லது. நல்லது அம்மா. விழுந்தாளா என்று கேட்டீர்களா? தெரியாதா?

கண்டக்டர், உங்களிடமும் சொன்னாளா? ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறாளா? யாரோடு? வீட்டுக்காரம்மா கூட இருக்கிறாரா? பிள்ளை யார் கையில்? அது உங்களுக்குத் தெரியாது. சரி.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள், ஐயா? நீங்கள் அவள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தீர்கள். விழுந்துதான் எழுந்தாளாமா? எப்போது? பெல் அடித்தா? காலையில் என் மணிக்கா? அதைச் சொல்லவில்லையா? அவள் சொல்லவில்லையா, நீங்கள் கேட்கவில்லையா?

போய்விட்டார்.

பாருங்கள், தம்பி. ஒரே வாயிலிருந்து மூன்று பேர் கேட்டு வந்து மூன்று விதமாகச் சொல்கிறார்கள். சிரித்தாள். ஆட்டோவில் போகிறாள். விழுந்து எழுந்தாள். ஒன்றையும் என்னால் தள்ள முடியவில்லை. எதைத் தள்ளினாலும் அது மெய்யாக இருந்துவிடும் போலிருக்கிறது.

அவள் இன்னும் கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. என்னிடம் கொடுப்பாள் என்று நினைக்கிறீர்களா? லோசனி கேட்டால் கொடுப்பாள். "அப்பாகிட்டக் குடு" என்று எப்போதும் சொல்லுகிற பிள்ளைதான். இன்றைக்குச் சொன்னாளா என்பதைத்தான் மூவரும் சொல்லவில்லை.

கொஞ்சம் பின்னால் சாய்ந்துகொள்ளுங்கள், தம்பி. உங்கள் தலை மறைக்கிறது.